குரல் தனி, படம் தனி

அமீர்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு மாடி ஏறினால் எங்கள் ஆபீஸ். ஜீடிமெட்லாவில் இருக்கும் மருந்துக் கம்பெனிகளுக்குப் பயிற்சி சிடி செய்து கொடுப்போம். மாத்திரை அடிக்கிற மெஷினை எப்படிக் கழுவ வேண்டும், கையுறையை எப்படிக் கழற்ற வேண்டும், மருந்துத் தூள் பறந்தால் என்ன செய்ய வேண்டும், இதுதான் எங்கள் கதை, வசனம் எல்லாம். எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஜாவா சொல்லிக்கொடுக்கும் போர்டு தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. என் கணவர் மாதாப்பூரில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். என் வேலையைத் தன் நண்பர்களிடம் ‘படம் ஒட்டுற வேலை’ என்று சொல்லி அறிமுகப்படுத்துவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். உண்மையில் நாங்கள் எதையும் ஒட்டவே மாட்டோம்.

ஒட்டாமல் இருப்பதில்தான் அந்தத் தொழிலே இருந்தது. போட்டோ தனி. அதன்மேல் நகர்கிற அம்புக்குறி தனி. கீழே வருகிற எழுத்து தனி, குரல் தனி. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றாக ஓடும். உள்ளே ஒன்றின்மேல் ஒன்று பட்டிருக்காது. தொழிலாளர்களின் தொப்பியை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாற்றிவிட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால், அந்த ஒரு போட்டோவை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைப்போம். அம்புக்கும் குரலுக்கும் அப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. தெலுங்குக் குரலை எடுத்துவிட்டு இந்திக் குரலை வைத்தாலும் அதே கை அதே குழாயைத் திறக்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சேர்க்கிற மெயின் ஃபைல் என்று ஒன்று உண்டு, அதைச் செய்கிறவள் நான். அதற்குள் சின்னப் படங்கள் மட்டும் இருக்கும். மற்றபடி இன்ன படத்தை அமுக்கினால் இன்ன இடத்துக்குப் போய் இன்ன குரலை எடுத்து வா என்கிற விலாசங்கள்தான். குரல்கள் கனமானவை. அவற்றை ஆபீஸின் பொதுக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, அவரவர் இடத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்வோம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. என் வீட்டில் எதுவும் கூப்பிட்டால் வருவதாக இல்லை.

என் மகனுக்கு அப்போது நான்கு வயது ஆகப்போகிறது. பேச்சு வரவில்லை. அம்மா என்றோ அப்பா என்றோ அவன் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. காது நன்றாகக் கேட்கும், அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருவான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஏதாவது வேண்டுமென்றால் வீட்டு நடுவில் நின்று அலறுவான். என்ன வேண்டும் என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாலா, தண்ணீரா, ஃபேனைப் போட வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம். தப்பாகப் போனால் தன் மணிக்கட்டையே கடிப்பான். அந்த இடத்தில் தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்த அலறல் மத்தியானம் தாண்டியும் நிற்கவில்லை. எங்கள் குக்கட்பள்ளி வீட்டுக்குச் சுவர்கள் மெல்லியவை. மேல்வீட்டுத் தெலுங்குக்காரம்மா வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சோறு கொடுத்தோம், தட்டிவிட்டான். எறும்பு கடித்ததோ என்று சட்டையைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே தூக்கிக்கொண்டு நடந்தோம். கடைசியில் என் கணவர், “வேணும்னே வம்பு பண்ணுதான்” என்று முதுகில் ஓர் அடி வைத்தார். சாயங்காலம் அவன் காதிலிருந்து சீழ் வடிந்தது. அதைப் பார்த்ததும் அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆண்டவரே, இவன் படிக்க வேண்டாம், பாட வேண்டாம், வலிக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் ஒரு வழி காட்டும் என்று ஜெபம் பண்ணினேன். ஜெபம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது சண்டைதான்.

பாளையங்கோட்டையிலிருந்து சொந்தக்காரர்களின் ஆலோசனைகள் போனில் வந்துகொண்டே இருந்தன. வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள். ஆம்பளைப் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். தாமதமாகப் பேசிப் பின்னால் வக்கீலான ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் தவறாமல் இருந்தார். இங்கே ஒரு டாக்டர் வேறு மாதிரி சொன்னார். வீட்டில் தமிழ், ஆயாவிடம் இந்தி, வாசலில் தெலுங்கு, டிவியில் இங்கிலீஷ் என்று பிள்ளை குழம்பிப்போயிருக்கிறான், ஒரே மொழியில் பேசுங்கள் என்றார். என் கணவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போரபண்டாவிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம், இனிமேல் இவனோடு பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

“கைக்கு சாப்? பச்சே சே பாத் நக்கோ கரூன் க்யா?” ஏன் சார், பிள்ளையோடு பேசவே வேண்டாமா என்று இந்த ஊர் இந்தியில் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையோடு பேசாமல் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. ஆனால் சொன்னால் சொன்னபடி நடக்கிறவள். நான் வேலை முடிந்து வரும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சைகையிலேயே அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். ஏற்கனவே பேச்சில்லாத வீட்டில் இன்னொரு வாயையும் அடைத்ததுதான் அந்த வைத்தியத்தில் நாங்கள் கண்ட பலன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீ பேசும்மா என்று நானே சொல்லிவிட்டேன்.

அவளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவனை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், முடித்த சிடிகளைப் போட்டுப் பார்க்கிற கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வைத்தேன். திரையில் ஒரு குழாயின் படம் இருந்தது. அதை அமுக்கினால், முதலில் தண்ணீரைத் திறக்கவும் என்று ஒருவர் தெலுங்கில் சொல்வார். அவன் மவுஸை அமுக்கினான், குரல் வந்தது. மறுபடியும் அமுக்கினான். அதே குரல், அதே நிதானம், ஒரு துளி சலிப்பு கிடையாது. அவன் சிரித்தான். அன்று சாயங்காலம் வரை அந்தக் குழாயை விட்டு அவன் நகரவில்லை.

நான் வேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நான் ‘தண்ணி வேணுமா’ என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் என் முகம் வேறு மாதிரி இருக்கும். கையில் கரண்டி இருக்கும், பின்னால் குக்கர் கத்தும், குரலில் பாசமும் எரிச்சலும் ஆபீஸுக்கு நேரமாகிற அவசரமும் கலந்திருக்கும். அத்தனையும் மொத்தமாக அவன்மேல் போய் விழுகிறது. அதில் தண்ணி எது என்று அவன் எப்படிப் பிரிப்பான்? இங்கே படம் தனியாக இருக்கிறது, குரல் தனியாக இருக்கிறது, அவன் அமுக்கும்போது மட்டும் சேர்கிறது. இவனுக்கு எல்லாவற்றையும் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அது சரியோ தப்போ, பிடித்துத் தொங்க எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

ஆபீஸ் கேமராவை இரவல் வாங்கி அவனுடைய டம்ளரை, செருப்பை, தட்டை, எங்கள் வாசல் கதவைப் படம் பிடித்தேன். சுற்றியிருப்பதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் பொருளை மட்டும் வெள்ளையில் நிறுத்தினேன். சுவர் முழுக்க ஜமக்காளம் ஆணியடித்த ஒரு குட்டி அறைதான் எங்கள் ஸ்டுடியோ. குரல் பதிகிறவர் குண்டூர்க்காரர், தமிழ் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, ஃபீலிங் வேண்டாம் மேடம், பிளெயினாகச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணி, பால், சோறு, செருப்பு, வெளியே, வீடு, வேண்டாம் எல்லாம் எளிதாக வந்தன. ‘வலிக்குது’ மட்டும் எனக்குப் பிளெயினாக வரவில்லை. அர்த்தம் தெரியாத அந்த மனுஷர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, மறுபடி, மறுபடி என்றார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் படங்களையும் குரல்களையும் மொத்தமாகக் கொண்டுவந்து ஏற்றினேன். முதலில் அவனுக்கு அது வெறும் விளையாட்டு. தண்ணி தண்ணி தண்ணி என்று என் குரல் வீடெல்லாம் கேட்கும், தண்ணீரைக் கொண்டுபோனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

“இப்ப அவன் பேசுதானா, மெஷின் பேசுதா? கிளிப்பிள்ளைகூடத் தன் வாயாலதான சொல்லும்?”

“நீங்க ஒரு வழி சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்” என்றேன்.

எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை அவன் டம்ளர் படத்தை ஒரே ஒரு தடவை அமுக்கினான். என் குரல் ‘தண்ணி’ என்றது. அவன் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் நின்றான். அலறவில்லை. சும்மா நின்றான். டம்ளரை நிரப்பிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். ஷேவ் செய்துகொண்டிருந்த என் கணவர் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்து, “எங்க, இன்னொரு தடவ கேக்கச் சொல்லு” என்றார். அவனுக்குத்தான் தாகம் தீர்ந்துவிட்டதே. நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று அசடுபோல அழுதோம்.

அதற்குப் பிறகு செருப்பையும் கதவையும் அடுத்தடுத்து அமுக்கினான். ‘செருப்பு’, ‘வெளியே.’ நான் அந்த இரண்டையும் சேர்த்து வைக்கவே இல்லை. தனித்தனியாகக் கிடந்ததால் அவனாக எடுத்துச் சேர்த்துக்கொண்டான். ஆபீஸில் எத்தனையோ பெரிய சிடிகள் செய்திருக்கிறேன், அந்த இரண்டு சொற்களைக் கேட்டபோது வந்த கர்வம் எதிலும் வந்ததில்லை.

ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பேசாத பிள்ளையா, ஸாரி என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கடைசியாக மாரேட்பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நடந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம் பற்றித் தெரியவந்தது. ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான் பள்ளி. நடத்தியவர் மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்து, தமிழோடு இந்த ஊர் இந்தியையும் கலந்து பேசுகிற தமிழம்மா. ஓர் இடம்தான் காலி என்றார். வாயால் சொன்னாலும் சரி, கையால் காட்டினாலும் சரி, தனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைக்கு ஏதோ ஒரு விதத்தில் தெரிவிக்கத் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

“கம்ப்யூட்டர்ல காட்டுவான், பரவாயில்லையா மேடம்?” என்று போனில் கேட்டேன்.

“ஹவ் மா, கைக்கு டென்ஷன்? இங்கயும் கம்ப்யூட்டர் இருக்கு. சிடி எடுத்துண்டு வாங்கோ, பாத்துடலாம்.”

பள்ளிக்குத் தேவைப்படும் என்று டீச்சர், பை, பாத்ரூம் என்று புதுச் சொற்களை ஆபீஸில் உட்கார்ந்து சேர்த்தேன். மெயின் ஃபைலைப் புதிதாகச் செய்து சிடியில் எழுதினேன். அங்கேயே போட்டு ஒவ்வொரு படமாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் பேசின. தொழிலே இதுதான் என்பதால் வீட்டில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பள்ளிக்குப் போக வேண்டிய நாளில் என் கணவருக்கு ஆபீஸில் ரிலீஸ், புது சாஃப்ட்வேரை வெளியே அனுப்புகிற நாள். நானும் பிள்ளையும் மட்டும் ஆட்டோவில் போனோம். பள்ளி வாசலில் மீசை வைத்த ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து, சிவப்பு மணிகளை ஒரு டப்பாவிலும் மஞ்சளை இன்னொன்றிலுமாகப் போட்டுக்கொண்டிருந்தார். “என் பையன்தான், ஒண்ணும் பண்ண மாட்டான், வாங்கோ” என்று அந்தம்மா உள்ளே கூப்பிட்டார். சிடியைப் போட்டேன். படங்கள் வரிசையாக வந்து நின்றன. தன் டம்ளரையும் செருப்பையும் பார்த்ததும் என் மகன் சமர்த்தாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். எனக்கு மூச்சு வந்தது.

டம்ளரை அமுக்கினான். சத்தம் வரவில்லை.

மறுபடியும் அமுக்கினான். ஸ்பீக்கர் சரியாகத்தான் இருந்தது, கம்ப்யூட்டர் போட்டபோது வருகிற இசையை இப்போதுதான் கேட்டோம். செருப்பை அமுக்கினான், கதவை அமுக்கினான், ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படங்கள் மெயின் ஃபைலோடு வந்துவிட்டன. குரல்கள் வரவில்லை. ஒவ்வொரு தடவை அவன் அமுக்கும்போதும் அந்த ஃபைல் அமீர்பேட்டைப் பொதுக் கம்ப்யூட்டரின் விலாசத்தைத் தேடுகிறது. ஆபீஸில் தேடியபோது அது பக்கத்தில் இருந்தது, கிடைத்தது. இங்கிருந்து அதற்கு வழியே இல்லை. சிடி எழுதும்போது குரல்களையும் கூடவே எழுது என்று, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஒரு மணி நேரம் குடுங்க மேடம், ஆபீஸுக்குப் போயிட்டு ஓடியாந்துருதேன்” என்று கெஞ்சினேன்.

“வெளில இன்னும் ரெண்டு பேர் கொழந்தையோட காத்துண்டிருக்காம்மா. இன்னிக்குள்ள முடிவு சொல்லியாகணும்.”

அவன் டம்ளரையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தான். மவுஸைத் தூக்கி மேஜையில் அடித்தான். தொண்டையில் அந்தச் சத்தம் கிளம்பியது. மணிக்கட்டு வாய்க்குப் போயிற்று. நான் குனிந்து அந்தச் சொல்லைச் சொல்லப் போனேன்.

“நக்கோ மா, நீங்க எடுத்துக் குடுக்க நக்கோ. அவனே பண்ணட்டும்.”

வேண்டாம் என்று அந்தம்மா கையாலும் தடுத்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவன் கடிப்பதை நிறுத்தினான். ஸ்பீக்கரைப் பார்த்தான், அதன் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். கையை அல்ல, தோளை அல்ல, என் முகத்தைப் பார்த்தான். டம்ளரை ஒரு தடவை அமுக்கினான். அதே விரலைக் கொண்டுவந்து என் உதட்டின்மேல் வைத்து, மவுஸை அமுக்குவதுபோல அமுக்கினான்.

“தண்ணி” என்றேன். குண்டூர்க்காரர் சொல்லிக்கொடுத்த அதே பிளெயினான குரலில்.

அவன் கதவுப் படத்தை அமுக்கினான். என் உதட்டை அமுக்கினான்.

“வெளியே.”

அந்தம்மா எழுந்து போய்த் தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடித்தான். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவருக்கும் கண் கலங்கியிருந்தது. இடம் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். என் கணவருக்குப் போன் பண்ண வேண்டும், எந்த பஸ்ஸில் அனுப்புவது என்று விசாரிக்க வேண்டும் என்றுகூட மனதில் ஓடியது.

“பாத்தேன் மா. சத்தம் எங்கேர்ந்து வரும்னு தேடிக் கண்டுபிடிச்சுட்டான். லேசுப்பட்ட விஷயமில்லை” என்றவர் காலி டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தார். “ஆனா இங்க நீங்க இருக்க மாட்டேளே மா. யார் வாயை அமுக்குவான்?”

“சத்தத்தோட சிடி நாளைக்கே கொண்டுவாரேன் மேடம்.”

“கொண்டாங்கோ. வெயிட்டிங்ல பேர் எழுதிக்கறேன். எனக்கென்னமோ இனிமே அவன் மெஷினை நம்புவான்னு தோணலை. உங்களைப் பிடிச்சுண்டுட்டான்.” அவர் வாசலில் மணி பிரித்துக்கொண்டிருந்த தன் மகனைப் பார்த்தார். “இன்னிக்கு நீங்க இருக்கேள். நீங்க இல்லாத அன்னிக்கு என்ன பண்ணுவான்னு யோசிச்சுத்தான் மா நாங்க இந்தப் பள்ளிக்கூடத்தையே ஆரம்பிச்சோம்.”

அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. சிடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டோ சனத்நகர் பக்கம் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. புகையும் ஹாரனும் இரும்பு அடிக்கிற சத்தமும். என் மடியில் இருந்தவன் திடீரென்று திரும்பி, மறுபடியும் என் உதட்டின்மேல் விரலை வைத்து அமுக்கினான். எதிரே படம் எதுவும் இல்லை. எந்தச் சொல் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

“தண்ணி” என்றேன். அமுக்கினான். “பால்.” அமுக்கினான். “வீடு. செருப்பு. சோறு.” ஒவ்வொன்றுக்கும் ஒரு கணம் காத்திருந்து, அது இல்லை என்பதுபோல மறுபடி அமுக்கினான். “வலிக்குது” என்றேன். “எங்கய்யா வலிக்குது, காதுலயா?” அமுக்கினான். பதிவு செய்தவற்றையெல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு பதிவு செய்யாதவற்றைச் சொன்னேன். அப்பா, ஆயா, சூடு, பயம், பசி, லாரி, தூக்கம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அலறவில்லை, கையைக் கடிக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த அந்தப் பார்வையை என் முகத்திலிருந்து எடுக்காமல், பொறுமையாக அமுக்கிக்கொண்டே இருந்தான். என்னிடம் சொற்கள் தீர்ந்துபோயின.